போர்டிலேயே எழுதி வைத்தால் என்ன?

கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர் மஞ்சள் பையோடு என் கடைக்கு வந்தார். பைக்குள் இரண்டு மதர்போர்டுகள். ஒன்று அவருடையது. கெபாசிட்டர்கள் உப்பிக் கசிந்து செத்துப்போனது. இன்னொன்று உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. கூடவே, செத்த போர்டிலிருந்து கழற்றி விபூதிப் பொட்டலம் போலக் காகிதத்தில் மடித்திருந்த ஒரு பிராசசர்.

அவர் பட்டறையில் தொண்ணூறுகளின் கடைசியில் வாங்கிய ஒரு மெஷின் இருக்கிறது. அதை ஆட்டிவைப்பது டாஸில் ஓடும் கம்ப்யூட்டரும், அதில் செருகிய ஒரு முழ நீள ஐஎஸ்ஏ கார்டும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண போர்டு எதிலும் அந்தக் கார்டுக்கு ஸ்லாட் கிடையாது. புது கன்ட்ரோலர் போட ஆகும் காசுக்கு வேறு மெஷினே பார்த்துவிடலாம் என்கிறார். அதனால்தான் இரும்புக் கடை. நகரத்தில் சிலர் பழைய கம்ப்யூட்டரை ஆசைக்கு வைத்திருக்கிறார்கள். இவர் சோற்றுக்கு வைத்திருக்கிறார்.

"சாக்கெட்டுல கச்சிதமா உக்காருதுங்க தம்பி, நானே வெச்சுப் பாத்துட்டேன். ஆன் பண்ணிப்போடலாம்னு இருந்தேன். பையன்தான் உங்ககிட்டக் காட்டீட்டுப் போடலாம்னான்" என்றார்.

"பையனுக்குக் கோயில் கட்டோணுங்கண்ணா" என்றேன்.

கச்சிதமாக உட்காரும். சிக்கலே அதில்தான். அந்தச் சாக்கெட்டின் பெயர் சாக்கெட் 7. 321 ஓட்டை. இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் என்று மூன்று கம்பெனிகளின் பிராசசரும் அதே ஓட்டைகளில் இறங்கும். ஆனால் ஒவ்வொன்றும் குடிக்கும் வோல்டேஜ் வேறு. பழைய பென்டியத்துக்கு 3.3. அதிலேயே சிலவற்றுக்கு 3.4 முதல் 3.6 வரை வேண்டும். எது எதற்கு என்று தெரிய பிராசசரைத் திருப்பிப் பார்க்கவேண்டும். முதுகில் உள்ள எண்ணில் சாய்கோட்டுக்கு அடுத்த எழுத்து எஸ் என்றால் சாதாரணம், வி என்றால் கூடுதல். 1997 ஜனவரியில் வந்த பென்டியம் எம்எம்எக்ஸுக்கு உள்கருவுக்கு 2.8, வெளியே பேசும் கால்களுக்கு மட்டும் 3.3. அதே வருடம் வந்த ஏஎம்டி கே6-இல் 166, 200 என்றால் 2.9, 233 என்றால் 3.2. அடுத்த வருடத்து கே6-2-க்கு 2.2 போதும்.

ஒரே பிராசசருக்கு எதற்கு இரண்டு வோல்டேஜ் என்று பெரியவரும் கேட்டார். சிலிக்கானில் செதுக்கும் கோடு மெலிய மெலிய, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்குக் குறைந்த அழுத்தம் போதும், சூடும் குறையும். ஆனால் பக்கத்தில் உள்ள மெமரியும் சிப்செட்டும் பழைய 3.3 பாஷையில்தான் பேசிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு என்று வைத்துக்கொண்டார்கள். எந்த வோல்டேஜ் என்பதை முடிவு செய்யும் பொறுப்பை, நகத்தில் பாதியளவு பிளாஸ்டிக் தொப்பிகளிடம் விட்டுவிட்டார்கள். ஜம்பர் என்பது அதுதான்.

பெரியவர் கொண்டுவந்தது 200 மெகாஹெர்ட்ஸ் எம்எம்எக்ஸ். 2.8 தரவேண்டியது. இரும்புக் கடை போர்டில் ஜம்பர் 3.3-இல் நின்றிருந்தது என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்படியே ஆன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் ஓடியிருக்கும். அதுதான் எனக்குப் பயம். பிராசசர் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறும். 2.8-க்குப் பதில் 3.3 என்றால் கணக்குப்படி 39 சதவீதம் கூடுதல் சூடு. முழு வேகத்தில் 15.7 வாட் தள்ளவேண்டியது 22 வாட்டைத் தொடும். காலையில் நன்றாக ஓடி, பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கு அடியில், கட்டர் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்போது திரை உறைந்து நிற்கும். ஜாப் வீண். டூல் உடையும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டெலிவரி தேதி தள்ளிப்போகும். எரிந்து தொலைந்தாலாவது காரணம் புரியும்.

எரிந்ததும் எனக்குத் தெரியும். 1998-இல் நான் சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு கடையில் அசெம்பிளி செய்துகொண்டிருந்தேன். டிப்ளமோ முடித்த சூடு. ஒரு நாளைக்கு எட்டு சிஸ்டம் கட்டுவோம்; கேபினெட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி, போர்டை முடுக்கி, விண்டோஸ் ஏறுவதற்குள் அடுத்த கேபினெட். முந்தின நாள் முழுக்க கே6 233. அதற்கு 3.2. மறுநாள் அதே மாடல் போர்டில் கே6-2 300 வந்தது. மூடியிலேயே 2.2 என்று ஏஎம்டி அச்சிட்டிருந்தது. நான் அதன் மேல் பேஸ்டைத் தடவி, ஹீட் சிங்க்கை அழுத்தி, கிளிப்பை மாட்டிவிட்டேன். ஜம்பரைத் தொடவே இல்லை. நேற்று ஓடிய செட்டிங்தானே என்ற நினைப்பு. 2.2 வேண்டிய இடத்தில் 3.2 என்றால் சூடு இரண்டு மடங்குக்கும் மேல். திரையில் எழுத்து வந்தது, மெமரி எண்ண ஆரம்பித்தது, அப்படியே நின்றது. ஒரு வாசனை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை செய்தவர்களுக்கு அந்த வாசனை சாகும்வரை மறக்காது.

முதலாளி திட்டவில்லை. மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அங்கே என்னைவிட மூத்த ஒரு மெக்கானிக் இருந்தார். அவர்தான் அன்று மத்தியானம், டீ கூடக் குடிக்க விடாமல், என்னை உட்காரவைத்து ஒரு மல்டிமீட்டரைக் கையில் கொடுத்தார். பிராசசர் இல்லாமல் முதலில் அள, பிறகு போடு. இன்றுவரை அந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

பெரியவரின் போர்டுக்கும் அதையே செய்தேன். மேஜையில் அட்டை விரித்துப் போர்டை வைத்தேன். பழைய ஏடி எஸ்எம்பிஎஸ் என்றால் போர்டுக்கு இரண்டு கனெக்டர். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் பக்கம் பக்கமாக வரவேண்டும். மாற்றிச் செருகினால் வோல்டேஜ் பார்க்கும் வேலையே மிச்சம், எல்லாம் போய்விடும். மீட்டரை டிசி 20-இல் வைத்து, கறுப்பு முனையை ஹார்டு டிஸ்குக்குப் போகும் கறுப்பு ஒயரில் செருகினேன். சிவப்பு முனைக்கு இடம் பார்க்கவேண்டும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் செம்புக் கம்பி சுற்றிய காயில் இருந்தால், அதன் சாக்கெட் பக்கத்துக் கால். காயில் இல்லாமல் தகடு வைத்த ரெகுலேட்டர் மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். சிலவற்றில் அந்தத் தகடே அவுட்புட். சிலவற்றில் அது உள்ளே வரும் 5 வோல்ட். அதைத் தொட்டுவிட்டு "ஐயோ, பிராசசருக்கு 5 போகிறது" என்று ஒரு நல்ல போர்டைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: எம்எம்எக்ஸ் பிராசசரின் ஒரு கால் "எனக்கு இரண்டு வோல்டேஜ் வேண்டும்" என்று போர்டுக்குச் சொல்வதற்காகவே இருக்கிறது. அதைக் கேட்டு நடக்கும் போர்டுகளில், சாக்கெட் காலியாக இருக்கும்போது மீட்டர் 3.3 காட்டலாம். அங்கே ஜம்பரைக் குறை சொல்லக் கூடாது.

இந்தப் போர்டில் காயில் இருந்தது. மீட்டர் 3.34 காட்டியது.

இனி எந்த ஜம்பர் எது? போர்டின் மேல் ஜேபி 1, ஜேபி 2 என்று எண்கள் மட்டும். பட்டியல் இல்லை. மாடல் பெயரும் இல்லை. ஒட்டியிருந்த தாளை யாரோ பிய்த்திருக்கிறார்கள். பயாஸ் திரையின் அடியில் ஓடும் எண்ணைப் பார்த்தால் எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று தேடிப் பிடிக்கலாம். ஆனால் அந்தத் திரை வரவேண்டுமென்றால் பிராசசரைப் போடவேண்டும். பிராசசரைப் போட வோல்டேஜ் தெரியவேண்டும்.

சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நாலு ஜோடி முள் வரிசையாக நின்றன. மூன்றில் தொப்பி இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கினேன். மீட்டர் 2.03. முதல் ஜோடியில் மட்டும் தொப்பி: 2.13. அதைக் கழற்றி இரண்டாவதில்: 2.23. மூன்றாவதில்: 2.43. இங்கே பெரியவர் முன்னால் குனிந்தார்.

"இருங்க தம்பி, அடுத்தது ரெண்டே முக்காலுக்கு மேல வருமா?"

போட்டேன். 2.83.

"அட, படிக்கல்லு மாதிரியில்லீங்க! நூறு, எரநூறு, நானூறு, எண்ணூறு."

நான் பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்த பைனரி கணக்கை மளிகைக் கடைத் தராசில் வைத்துவிட்டார். அதேதான். அடித்தட்டில் 2.0; அதன்மேல் 0.1, 0.2, 0.4, 0.8 என்று நாலு கல். 2.0 முதல் 3.5 வரை எதை வேண்டுமானாலும் நிறுக்கலாம். இரும்புக் கடையிலிருந்து வந்தபோது 0.8, 0.4, 0.1 என்று மூன்று கல் வைத்திருந்தார்கள், 3.3. இரண்டை எடுத்துவிட்டால் 2.8. மாட்டுவதற்கு எதுவும் தேவையில்லை.

எல்லாப் போர்டும் இவ்வளவு நேர்மையாக இருக்காது. சிலவற்றில் தொப்பிகளுக்கு ஒரு ஒழுங்கும் இராது. ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அப்போதும் ஒரு வழி உண்டு: கீழேயிருந்து தொடங்குவது. வோல்டேஜ் குறைவாகக் கொடுத்தால் பிராசசர் எழாது, அவ்வளவுதான், கெட்டுப்போகாது. குழம்பில் உப்பு மாதிரி.

இத்தனை வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தப் போர்டு செய்தவர்கள் நாலு வரி அச்சடித்திருந்தால் ஒன்றரை நிமிடம். போர்டின் மேல் ஏற்கெனவே வெள்ளை மையில் எண்கள் அச்சாகின்றன. அதே மை, அதே ஓட்டத்தில் இன்னும் நாலு வரிக்கு இடம் இருந்தது. அந்தக் காலத்து மலிவான தைவான் போர்டுகள் பலவற்றில் முழுப் பட்டியலும் ஸ்லாட்டுகளுக்கு நடுவே பொடி எழுத்தில் இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். பேர் போன சில போர்டுகளில்தான் "மேனுவலைப் பார்க்கவும்". மேனுவல் எத்தனை நாள் இருக்கும்? வாங்கிய வீட்டில் ஆறு மாதம். போர்டு இருபத்தைந்து வருடம் இருக்கிறது.

இந்த ஊரில் பம்பு செட்டு வாங்காத குடும்பம் குறைவு. எந்த மோட்டாரை வேண்டுமானாலும் பாருங்கள், உடம்பில் ஒரு நேம் பிளேட் இருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை ஹெச்பி, எத்தனை சுற்று. டெர்மினல் பாக்ஸ் மூடியைத் திறந்தால் உள்பக்கம் கனெக்‌ஷன் படம். கிணற்று மேட்டில் ராத்திரி பத்து மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு அதைப் பார்த்து ஒயர் மாட்டுகிறார்கள். மோட்டார் மாட்டுபவர் கம்பெனிக்குப் போன் செய்து அனுமதி கேட்பதில்லை. வால்வு ரேடியோக்களிலும் பின்மூடிக்குள் எந்த வால்வு எங்கே என்ற படம் ஒட்டியிருக்கும். என் அப்பா அதைப் பார்த்துத்தான் வால்வு மாற்றுவார். அவர் ஆறாவது வரை படித்தவர்.

"இப்போதெல்லாம் எல்லாமே ஆட்டோமேடிக், ஜம்பரைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாயே" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். உண்மைதான். தனக்கு எவ்வளவு வேண்டும் என்று பிராசசரே கால்கள் வழியாகப் போர்டுக்குச் சொல்லும் ஏற்பாடு 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே இருந்தது. 1997-இல் பென்டியம் 2 வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்தது. என் போன்ற அரைகுறைப் பையன்கள் ஜம்பரை மறந்து பிராசசரைப் பொசுக்கும் காலம் மெல்ல முடிந்தது. நல்ல காரியம். ஜம்பர் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஆட்டோமேடிக் ஆனதும் தப்பே நடக்காமல் போய்விட்டதா? 2023-இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகின. பயாஸ் கொடுத்த ஒரு வோல்டேஜ் அளவுக்கு மீறியிருந்தது, பிறகு 1.3 வோல்டுக்கு மேல் போகாதபடி ஏஎம்டி பூட்டுப் போட்டது. 2024-இல் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் காரணம் தெரியாமல் தொங்கின. கடைசியில், மைக்ரோகோடே தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டு, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. பத்துக்கும் மேற்பட்ட வருட அனுபவம் உள்ளவர்களே மெமரியை மாற்றிப் பார்த்தார்கள், கேமைக் குறை சொன்னார்கள், விண்டோஸைத் திரும்ப ஏற்றினார்கள். வோல்டேஜ் என்று பலருக்கும் முதலில் தோன்றவில்லை. தோன்றினாலும் எந்த அளவு சரி, எது தப்பு என்று பார்த்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு பட்டியல் இல்லை. 1998-இல் நான் செய்த அதே தப்புதான். எனக்கு மூடியின் மேல் 2.2 என்று எழுதியாவது இருந்தது. நான் பார்க்காதது என் குற்றம்.

இன்று என் கடைக்கு வருவது பெரும்பாலும் லேப்டாப். ஆன் ஆகாத போர்டில் நான் முதலில் செய்வது அன்றைக்கு மத்தியானம் கற்ற அதே வேலை: எந்த இடத்தில் எவ்வளவு வோல்ட் வரவேண்டும், எவ்வளவு வருகிறது. வருவதை மீட்டர் சொல்லிவிடும். வரவேண்டியதைச் சொல்ல ஸ்கீமாட்டிக் வேண்டும். அதைப் பெரும்பாலான கம்பெனிகள் கொடுப்பதில்லை. நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சர்வீஸ் கடைக்காரர் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். எங்கிருந்தோ கசிந்து வந்த பிடிஎஃப், வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் போர்டு வியூ ஃபைல். வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு புள்ளியில் 3.3 வரவேண்டுமா 5 வரவேண்டுமா என்று தெரிந்துகொள்ள, திருட்டுப் படம் பார்ப்பவன் போல நான் உட்கார்ந்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் "போர்டு போச்சுங்க, மாத்தோணும்" என்கிறோம். அதில் பாதிக்கு ஐந்து ரூபாய் சாமான்தான் போயிருக்கும்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று துறை பிரித்தார்கள். டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. போய்ப் பார்த்தேன். கஸ்டமர் கேர் எண்களும் வாரன்டி விவரங்களும் கிடைத்தன. என் மேஜைக்கு வேண்டியது அங்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் செல்போன் பெட்டியின் லேபிளில் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று ஏ முதல் இ வரை தரம் போடுகிறார்கள். இங்கேயும் அப்படி மதிப்பெண் போடவேண்டும் என்ற பேச்சு இருக்கிறது. போடட்டும். ஆனால் ஸ்குரு எத்தனை, பசை எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், டெஸ்ட் பாயின்ட்டுகளில் வரவேண்டிய வோல்டேஜ் போர்டில் அச்சாகியிருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் வைக்கட்டும். வியாபார ரகசியம் போய்விடும் என்பார்கள். எந்தப் போட்டிக் கம்பெனிக்கு அது தெரியாது? ஒரு மீட்டரும் ஒரு நல்ல போர்டும் இருந்தால் அரை நாளில் எடுத்துவிடலாம். தெரியாமல் முழிப்பது கெட்ட போர்டை மட்டும் கையில் வைத்திருக்கும் நானும் என் வாடிக்கையாளரும்தான்.

பெரியவரின் கதைக்கு வருகிறேன். 2.8-இல் வைத்து, பிராசசரைப் போட்டு, புது ஃபேன் மாட்டி, ஓடும்போது மறுபடி அளந்தேன், 2.80. ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஹீட் சிங்க்கில் விரலை வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. நாலு தொப்பிக்கும் எது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, கேபினெட் மூடிக்குள் ஒட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் வேறு வேலையாகக் கணபதிப் பக்கம் போனபோது பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் தாளைக் காணோம். எண்ணெய்க் கையில் தாள் எத்தனை நாள் தாங்கும் என்று, விசிட்டிங் கார்டு அளவுக்கு ஓர் அலுமினியத் தகட்டை வெட்டி, எழுத்துப் பஞ்சால் ஒவ்வொரு எண்ணாக அடித்து, மோட்டாருக்கு அடிப்பது போல ரிவெட் வைத்து கேபினெட்டில் பதித்திருந்தார். நாலு வரி. கீழே தனியாக, பிராசசருக்கு 28 வோல்ட் என்று இருந்தது.

"அண்ணா, புள்ளி" என்றேன்.

கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். சென்டர் பஞ்சை எடுத்து இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் வைத்து, சுத்தியலால் ஒரே தட்டு.